பப்ளிக் ஸ்கூல்: பொதுப்பள்ளி என்று எழுதலாமா?

பிரிட்டனின் பிரதமர்களில் 20 பேர் ஒரே பொதுப்பள்ளியில் படித்தவர்கள் என்று தமிழில் எழுதிப் பாருங்கள். படிப்பவர் என்ன நினைப்பார்? ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து படிக்கும் இலவசப் பள்ளி ஒன்று 20 பேரை நாடாள அனுப்பியிருக்கிறதே என்று மகிழ்ந்துபோவார். அந்தப் பள்ளியின் பெயர் ஈட்டன். அங்கே ஒரு பிள்ளைக்குக் கட்டும் ஆண்டுக் கட்டணம், பிரிட்டனில் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் முழு வருமானத்தையே விழுங்கிவிடும். ‘பப்ளிக்’ என்றால் ‘பொது’ என்று அகராதி பார்த்து எழுதியதால் வந்த குழப்பம் இது. செய்திகளிலும் மொழிபெயர்ப்புகளிலும் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறும்.

அந்தச் சொல் பொய்ச் சொல்லும் இல்லை. அது பிறந்த காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. அன்று இங்கிலாந்தில் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் வீட்டுக்கு வரும் ஆசிரியரிடம் படித்தார்கள். அல்லது ஓர் ஆசிரியர் தன் வீட்டில், தன் வருமானத்துக்காக நடத்திய பள்ளியில் படித்தார்கள். அவை ‘பிரைவேட்’. அறக்கட்டளையின் கீழ் இயங்கி, எந்த ஊர்ப் பையனும் வரலாம் என்று கதவைத் திறந்து வைத்த பள்ளி ‘பப்ளிக்’. யார் உள்ளே வரலாம் என்பதைச் சொன்ன சொல் அது. யார் பணம் கட்டுவது என்பதைப் பற்றி அது பேசவே இல்லை.

ஈட்டனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆறாம் ஹென்றி மன்னர் 1440-இல் தொடங்கியபோது, 70 ஏழைப் பையன்களுக்கு இலவசமாகக் கல்வி தருவதுதான் நோக்கம். 1382-இல் தொடங்கிய வின்செஸ்டர் பள்ளிதான் அதற்கு முன்மாதிரி. அங்கேயும் 70 பேர். பிறகு பணம் கட்டிப் படிக்க வந்தவர்கள் வெளியே ஊருக்குள் தங்கினார்கள். அவர்களுக்கு ‘ஒப்பிடன்’ என்று பெயர். நகரம் என்று பொருள்படும் ‘ஒப்பிடம்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஊர்ப் பையன் என்று சொல்லலாம். இன்றைக்கும் மன்னரின் மாணவர்கள் 70 பேர்தான். மொத்தம் சுமார் 1,300 மாணவர்களில் மற்ற அத்தனை பேரும் ஒப்பிடன்கள். ஏழைக்குக் கட்டிய வீட்டில் விருந்தாளி பெருகி வீட்டுக்காரரானார். வாசலில் எழுதிய ‘பப்ளிக்’ மட்டும் அழியவில்லை. 1868-இல் வந்த பப்ளிக் ஸ்கூல் சட்டம் ஈட்டன், வின்செஸ்டர், ஹாரோ, ரக்பி உள்ளிட்ட 7 பள்ளிகளுக்கு அந்தப் பெயரை உறுதிப்படுத்தியது.

ஸ்காட்லாந்தில் கதை வேறு. அங்கே பழைய கல் கட்டடங்களின் நெற்றியில் ‘பப்ளிக் ஸ்கூல்’ என்று செதுக்கியிருப்பதைப் பார்க்கலாம். அவையெல்லாம் 1872 கல்விச் சட்டத்தை ஒட்டி மக்கள் வரிப்பணத்தில் எழுந்த பள்ளிகள். ஒரே தீவுக்குள்ளேயே ஒரே சொல்லுக்கு நேரெதிர்ப் பொருள்!

தமிழில் ‘பொதுப்பள்ளி’ என்ற சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. ஏழை பணக்காரர் பேதமின்றி எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் முறையைக் கேட்டுப் போராடுகிறவர்கள் அந்தச் சொல்லைப் பல காலமாகப் பயன்படுத்துகிறார்கள். அதைக் கொண்டுபோய் ஈட்டனுக்கு மாட்டுவது அநியாயம். ‘பப்ளிக் ஸ்கூல்’ என்றே ஒலிபெயர்த்துவிட்டு, முதல் முறை மட்டும் ‘பழைமையான, உயர்கட்டணத் தனியார் பள்ளி’ என்று விளக்கினால் போதும். நம் ஊர்க் கட்டணப் பள்ளிகளின் பலகைகளில் ‘பப்ளிக் ஸ்கூல்’ என்று இருப்பதும் இந்த வழியில் வந்த பெயர்தான் என்பது வாசகருக்குச் சட்டென்று புரியும். பிரிட்டனின் ‘ஸ்டேட் ஸ்கூல்’ என்பதற்கு ‘அரசுப் பள்ளி’ சரி. ‘கிராமர் ஸ்கூல்’ என்பதை மட்டும் இலக்கணப் பள்ளி என்று எழுதிவிடாதீர்கள். ஒரு காலத்தில் லத்தீன் இலக்கணம் கற்பித்ததால் அந்தப் பெயர். இன்று அது 11 வயதில் தேர்வு வைத்துச் சேர்க்கும் அரசுப் பள்ளி.

மொழிபெயர்ப்பவர் தென்கொரியாவுக்கு வந்தால் பள்ளிப் பெயர்களில் இந்தச் சிக்கல் இல்லை. ‘கொங்னிப்’ என்றால் அரசு நடத்துவது, ‘சாரிப்’ என்றால் தனியார் நடத்துவது. ஆனால் வேறொரு வியப்பு காத்திருக்கிறது. அங்கே உயர்நிலைப் பள்ளிகளில் ஏறத்தாழ 40 விழுக்காடு தனியாருடையவை. 1974-இல் சியோலிலும் பூசானிலும் உயர்நிலைப் பள்ளிகளைச் சமப்படுத்தும் கொள்கை வந்தபின், அது நடப்பில் உள்ள ஊர்களில் பெரும்பாலான தனியார் பள்ளிகளுக்கும் குலுக்கல் முறையில்தான் மாணவர்கள் போகிறார்கள். ஆசிரியர் சம்பளத்துக்கு அரசு பணம் தருகிறது. தாமே மாணவரைத் தேர்ந்தெடுக்கும் பள்ளிகள் சில உண்டு. மற்றபடி, பிரிட்டனில் பணம் பள்ளியையே வாங்குகிறது என்றால், கொரியாவில் அது பள்ளி விட்ட பிறகு வரும் நேரத்தை வாங்குகிறது. அந்த நேரம் கழியும் இடம்தான் ‘ஹாக்வொன்’.

‘ஹாக்’ என்றால் கற்றல், ‘வொன்’ என்றால் நிறுவனம். அதே சீன எழுத்துகள் சீனாவில் கல்லூரியைக் குறிக்கின்றன. கொரியாவில் டியூஷன் நிலையத்தை. ராணுவத் தளபதி சுன் தூ ஹ்வானின் ஆட்சி 1980-இல் தனிப்பயிற்சியைத் தடை செய்தது. 2000-இல் அரசமைப்பு நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. சியோலில் ஹாக்வொன்களை இரவு 10 மணிக்கு மூட வேண்டும் என்று விதி. அந்த நேரத்தில் ஹாக்வொன்கள் நிறைந்த தேச்சி-தோங் பகுதியில் விளக்குகளைச் சிமிட்டியபடி கார்கள் வரிசையாக நிற்கும், உள்ளே பெற்றோர் காத்திருப்பார்கள். நவம்பரில் நடக்கும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வான சுனுங் தேர்வன்று, ஆங்கிலக் கேட்டல் பகுதி நடக்கும் சுமார் 35 நிமிடமும் நாடெங்கும் விமானங்கள் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை.

படிப்பைப் பற்றிய எண்ணம் சொற்களிலேயே தெரிகிறது. விழுந்து விழுந்து படிப்பவனை இங்கிலாந்துப் பள்ளிப் பிள்ளைகள் ‘ஸ்வாட்’ என்று கிண்டல் செய்வார்கள். வியர்வை என்ற சொல்லின் திரிபு அது. அலட்டிக்கொள்ளாமல் ஜெயிப்பதுதான் அங்கே பெருமை. வியர்த்தது தெரிந்தால் இளக்காரம். கொரிய மொழியில் படிப்புக்குச் சாதாரணச் சொல்லே ‘கொங்பு’. உழைப்பையும் அதற்குச் செலவிடும் நேரத்தையும் குறிக்கும் சீனச் சொல்; ‘குங்ஃபூ’வுக்கு உடன்பிறப்பு. ஸ்வாட்டுக்குத் தமிழ் தேட வேண்டியதே இல்லை, நம் பிள்ளைகள் சொல்லும் ‘படிப்ஸ்’ அப்படியே பொருந்துகிறது.

ஹாக்வொனுக்கு ‘தனிப்பயிற்சி நிலையம்’ என்று எழுதலாம். ‘டுடோரியல்’ வேண்டாம். தமிழ்நாட்டில் அது நெடுங்காலம் தேர்வில் தவறியவர்கள் போகும் இடமாக இருந்தது. ஹாக்வொனுக்கோ வகுப்பில் முதலாவதாக வருபவரும் போகிறார். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பள்ளி விட்டதும் சைக்கிளில் போகும் ‘ரியூட்டரி’தான் எனக்குத் தெரிந்து மிக நெருக்கமான சொல். கெட்டிக்காரர், சுமாரானவர் என்றில்லாமல் எல்லாரும் அங்கே போகிறார்கள்.