பாலும் பாலினமும்: ‘ஜெண்டர்’ என்ற சொல்லுக்குத் தமிழ்

மருத்துவமனை அட்டையில் ‘பாலினம்: ஆ / பெ’ என்று ஒரு கட்டம் இருக்கும். ஆங்கிலப் படிவங்களில் அதே இடத்தில் சிலவற்றில் ‘செக்ஸ்’ என்று இருக்கும், சிலவற்றில் ‘ஜெண்டர்’ என்று இருக்கும். நிரப்புகிறவருக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை. ஆனால் மனநல ஆய்வுக்குள் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் பாடத்தையே இந்தக் கட்டத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பேன். இரண்டு வேறு பொருள்கள் அதில் ஒன்றாகக் கிடக்கின்றன.

‘ஜெண்டர்’ லத்தீனில் ‘கெனுஸ்’. இனம், வகை என்று பொருள். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, நெடுங்காலம் பெரும்பாலும் இலக்கணச் சொல்லாகவே புழங்கியது. 1955இல் உளவியலாளர் ஜான் மணி அதை மனிதர்கள் வாழும் விதத்தைக் குறிக்கப் பயன்படுத்தினார். பிறகு 1968இல் மனநல மருத்துவர் ராபர்ட் ஸ்டோலரும் 1972இல் சமூகவியலாளர் ஆன் ஓக்லியும் உடல் தருவது வேறு, ஊர் கற்றுத்தருவது வேறு என்று பிரித்துக் காட்டினார்கள். ‘செக்ஸ்’ என்பதன் மூலமான ‘செக்ஸுஸ்’ என்ற லத்தீன் சொல்லை ‘வெட்டு’ என்ற வினையோடு சேர்த்துப் பார்க்கிறவர்கள் உண்டு. இரண்டாக வகுத்தது என்ற பொருளில்.

இப்போது நம் ‘பால்’ என்ற சொல்லைப் பாருங்கள். அதன் அடிப்படைப் பொருளும் பகுப்புதான். அறத்துப்பால், பொருட்பால் என்று குறளைப் பகுப்பதும் அந்தப் பால்தான். ஆண்பால், பெண்பால், பலர்பால், ஒன்றன்பால், பலவின்பால் என்று தொல்காப்பியம் சொல்லும் ஐம்பாலும் அதுதான். அதோடு ‘இனம்’ சேர்ந்து பிற்காலத்தில் வந்தது ‘பாலினம்’. இனம் என்றால் கெனுஸ். திட்டமிட்டு யாரும் பொருத்தவில்லை, ஆனாலும் எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது! ஆகவே உடற்கூறு, மரபணு, ஹார்மோன் பற்றிய பேச்சுக்குப் பால். வளர்ப்பு, எதிர்பார்ப்பு, ஒருவர் தன்னை உணரும் விதம் பற்றிய பேச்சுக்குப் பாலினம். தமிழ்நாடு அரசு 2022இல் வெளியிட்ட சொற்பட்டியலில் உள்ள ‘ஊடுபால்’ (ஆண், பெண் என்ற வழக்கமான வகைக்குள் அடங்காத உடற்கூறு, ‘இன்டர்செக்ஸ்’) உடல் பற்றியது, ‘திருநர்’ (‘டிரான்ஸ்ஜெண்டர்’) பாலினம் பற்றியது. உடலுறவு, ஈர்ப்பு சார்ந்த ‘பாலியல்’ மூன்றாவது சொல். அதை இந்த இரண்டுக்கும் பதிலாகப் போடக் கூடாது.

சொல்லைப் பிரித்தால் ஆய்வில் என்ன மாறும்? சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை அமெரிக்காவில் 1992இல் அனுமதி பெற்றது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவு, 10 மில்லிகிராம். பெண்களின் உடலிலிருந்து அது மெதுவாகத்தான் வெளியேறுகிறது. காலையில் வண்டியை எடுக்கும்போதும் ரத்தத்தில் மருந்து மிச்சமிருக்கும். 2013இல்தான் பெண்களுக்கு 5 மில்லிகிராம் என்று குறைத்தார்கள். இது பால் சார்ந்த சங்கதி.

அப்புறம் மனச்சோர்வை அளக்க 1961இல் வந்த பெக் வினாப்பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். 21 கேள்விகளில் ஒன்று அழுகை பற்றியது. ‘ஆம்பளப் பிள்ளை அழலாமா’ என்று ஐந்து வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவரிடம் அந்தத் தாளை நீட்டுகிறோம். அந்த வரியில் பூஜ்யத்தைச் சுழித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். அந்தப் பூஜ்யம் அவர் உடல் போட்டதா, வளர்ப்பு போட்டதா? மனச்சோர்வு பெண்களிடம்தான் அதிகம் பதிவாகிறது. ஆனால் 2021இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்களாகப் பதிவான 1,64,033 பேரில் 1,18,979 பேர் ஆண்கள். ஒரே கட்டத்தை வைத்துக்கொண்டு இந்த முரணை விளக்கவே முடியாது.

இதைப் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாடுகள் சில நாடுகளில் இருக்கின்றன. கனடாவின் சுகாதார ஆய்வு நிறுவனங்கள் இதற்கென்றே இணையவழிப் பாடங்கள் வைத்திருக்கின்றன. நிதி கேட்டு விண்ணப்பிப்பவர் தன் ஆய்வில் பாலையும் பாலினத்தையும் எப்படிக் கணக்கில் எடுத்தார் என்று எழுத வேண்டும். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் 2016 முதல் விலங்கு ஆய்வுகளிலும் பாலை ஒரு மாறியாக, அதாவது முடிவை மாற்றக்கூடிய காரணியாக, கருதச் சொல்கின்றன. தேவை இருந்தது. நரம்பியலில் ஆண் விலங்குகளை மட்டும் வைத்துச் செய்த ஆய்வுகள், பெண் விலங்குகளை மட்டும் வைத்துச் செய்தவற்றைப் போல 5.5 மடங்கு என்று 2011இல் வந்த கணக்கெடுப்பு ஒன்று காட்டியது.

சரி, இப்படி இரண்டையும் கணக்கில் எடுக்கிற ஆய்வைத் தமிழில் எப்படிச் சொல்வது? ஆங்கிலத்தின் ‘ஜெண்டர் சென்சிடிவ்’ என்பதை வைத்துப் ‘பாலின உணர்திறன் ஆய்வு’ என்று சிலர் எழுதுகிறார்கள். உணர்திறன் என்றால் எனக்கு வெப்பமானியும் ஒவ்வாமையும்தான் நினைவுக்கு வருகின்றன. அதில் பாலும் விடுபட்டுப் போகிறது. ‘பால், பாலினம் அறிந்த மனநல ஆய்வு’ என்பது நேராக இருக்கிறது. இடம் அறிந்து, அவை அறிந்து என்று நாம் சொல்கிற அதே அறிதல்.

இந்த ஆய்வில் பயிற்சி பெறுகிற புதியவர்களை ‘இளம் விஞ்ஞானிகள்’ என்று எழுதுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. ஆங்கிலத்தில் ‘எர்லி கரியர்’ என்று சொல்லப்படுவது பணியின் தொடக்கம், வயது அல்ல. குழந்தைகளை வளர்த்துப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு 38 வயதில் முனைவர் பட்டத்தை முடிக்கிற பெண் அந்த ‘இளம்’ என்ற சொல்லைப் பார்த்ததும் பயிற்சி அறிவிப்பை மூடிவைத்துவிடக்கூடும். ‘தொடக்கநிலை ஆய்வாளர்’ என்று போட்டால் விண்ணப்பிப்பார்.