மைக் இல்லாத மேடையில் வளர்ந்த குரல்

பள்ளி ஆசிரியர்கள், டியூஷன் எடுப்பவர்கள், பட்டிமன்றப் பேச்சாளர்கள், பாட்டுக்காரர்கள், சந்தையில் கூவி விற்பவர்கள் என்று குரல் கெட்டுப்போய்த் தொண்டை மருத்துவரான என்னிடம் வருகிறவர்கள் பலவகை. ஆனால் பெரும்பாலானவர்களிடம் ஒரு நம்பிக்கை மட்டும் பொதுவாக இருக்கிறது. சத்தம் கூட வேண்டுமென்றால் தொண்டையை இன்னும் முறுக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். பேசும்போதே கழுத்து நரம்பு புடைக்கும். தோள் காதுவரை ஏறும். தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினால்தான் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும் என்பார்கள். அவர்களுக்கு நான் ஓபராவை, அதாவது பாடியே நடிக்கும் மேலைநாட்டு இசைநாடகத்தை, பற்றிச் சொல்வது வழக்கம். இரண்டாயிரம் பேர் உட்கார்ந்திருக்கும் அரங்கில், எழுபது எண்பது வாத்தியங்களைத் தாண்டி, மைக்கே இல்லாமல் ஒரு தனிக்குரல் கேட்கிறது. அது எப்படி என்று தெரிந்துகொள்வது நம் தொண்டைக்கு நல்லது.

ஓபரா என்றாலே உச்சக் குரலில் முழங்குவது என்று தோன்றும். தொடக்கம் அதற்கு நேர்மாறு. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில், ஜொவான்னி பார்தி என்ற பிரபுவின் வீட்டில் கவிஞர்களும் இசைவாணர்களும் கூடிப் பேசுவார்கள். விஞ்ஞானி கலிலியோவின் அப்பா வின்சென்ஸோவும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். அக்காலப் பாட்டில் பல குரல்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஓடும், சொல் புரியாது. பழைய கிரேக்கர்கள் நாடகத்தைப் பாடியே நடித்தார்கள் என்று இவர்கள் நம்பினார்கள். அதனால் ஒற்றைக் குரல், அடியில் மெல்லிய பக்கவாத்தியம், பேச்சின் ஏற்ற இறக்கத்தை ஒட்டிப் போகும் மெட்டு என்று ஒரு புது வழியை யோசித்தார்கள்.

அந்த வழியில் யாகோபோ பெரி இசையமைத்த ‘தாஃப்னே’ 1598 வாக்கில் அரங்கேறியது. அதன் இசை பெரும்பாலும் தொலைந்துவிட்டது. 1600 அக்டோபரில், மரியா மெதிச்சிக்கும் பிரான்ஸ் மன்னர் நான்காம் ஹென்றிக்கும் நடந்த திருமணக் கொண்டாட்டத்தில், ஃபுளோரன்ஸின் பிட்டி மாளிகையில் பெரி இசையமைத்த ‘யூரிடிச்சே’ நடந்தது. முழுதாக நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய ஓபரா அதுதான். 1607ல் மாந்துவா அரண்மனையில் மொன்தெவெர்தி அரங்கேற்றிய ‘ஒர்ஃபேயோ’ இன்றும் மேடையேறுகிறது. இவையெல்லாம் அரண்மனைக்குள், அழைக்கப்பட்ட விருந்தாளிகளுக்காக நடந்தவை. அங்கே யாரும் கத்த வேண்டியிருக்கவில்லை. சொல் புரிந்தால் போதும்.

1637ல் வெனிஸ் நகரில் சான் கசியானோ அரங்கம் திறந்தது. காசு கொடுத்தால் யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம் என்ற முதல் ஓபரா அரங்கம் அது. அப்புறம் எல்லாம் மாறியது. கூட்டம் வந்தால்தான் வரும்படி. கூட்டமோ குரலைத் தேடித்தான் வந்தது. அரங்கம் பெருக்கப் பெருக்கப் பாடகர்மேல் சுமை ஏறியது.

அந்த ஆசையின் மிகக் கொடிய பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ரோம் நகரில் பெண்கள் மேடையேறத் தடை இருந்தது. தேவாலயப் பாட்டிலும் அவர்களுக்கு இடமில்லை. உச்சஸ்தாயிக் குரல் வேண்டும் என்பதற்காகச் சிறுவர்களுக்குக் குரல் உடையும் முன்பே விதை நீக்கம் செய்தார்கள். ஆண் ஹார்மோன் இல்லாததால் குரல்வளை சிறியதாகவே நின்றுவிடும். உடலும் மார்புக்கூடும் வளர்ந்துவிடும். அப்படி ஆளாக்கப்பட்ட ஃபரினெல்லி 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா முழுக்கக் கொண்டாடப்பட்டார். பெயரும் இல்லாமல் குரலும் அமையாமல் போன பிள்ளைகளை நினைத்தால் மருத்துவராக எனக்கு இன்றும் கோபம்தான் வருகிறது. இன்று நம் வீட்டில் பாட்டு கற்கும் பையனுக்குக் குரல் உடையும்போதும் இதே அவசரத்தின் சிறிய வடிவத்தைப் பார்க்கிறேன். போட்டி இருக்கிறது என்று பழைய சுருதியிலேயே பாட வைக்கிறார்கள். அந்த மாதங்களில், குரல்வளைக்குள் அதிர்ந்து ஒலி எழுப்பும் குரல் நாண்கள் நீண்டு தடித்துக்கொண்டிருக்கும். சுருதியை இறக்குங்கள், நேரத்தைக் குறையுங்கள், வலித்தால் நிறுத்துங்கள்.

19ஆம் நூற்றாண்டில் வாத்தியக் குழுக்கள் பெருத்தன. அதோடு சுருதியும் ஊருக்கு ஊர் மெல்ல ஏறிக்கொண்டே போனது. கடைசியில் 1859ல் பிரான்ஸ் அரசே, சுருதி சேர்க்க அடிப்படையாக வைக்கும் ‘ஏ’ சுரத்துக்கு நொடிக்கு 435 அதிர்வு என்று நிர்ணயிக்க வேண்டி வந்தது. இதற்கிடையே 1837ல் பாரிஸ் ஓபராவில் ழில்பேர் தியூப்ரே என்ற டெனர் (ஆண்களில் மேல்ஸ்தாயிக் குரல்) பாடகர், அதுவரை மென்மையாகத் தொட்டுவந்த மேல் ‘சி’ சுரத்தை முழு மார்புக் குரலில் பாடிக்காட்டினார். அரங்கம் அதிர்ந்தது. அந்த ஓபராவுக்கு இசையமைத்த ரோசினிக்குத் தன் மெட்டில் அந்தச் சத்தம் துளியும் பிடிக்கவில்லை. ரசிகர்களுக்கோ அப்புறம் அது இல்லாமல் முடியவில்லை. அங்கே முன்னணியில் இருந்த நூரி என்ற பாடகர் இத்தாலிக்குப் போய்ப் புது முறையைக் கற்க முயன்றார். குரல் கெட்டது, உடலும் மனமும் தளர்ந்தன. 1839ல் நேப்பிள்ஸில் உயிரை மாய்த்துக்கொண்டார். குரலை நம்பி வாழ்கிறவருக்கு அது போனால் மனமும் நொறுங்கும். என்னிடம் வருகிறவர்களிடம் தூக்கம் எப்படி, மனசு எப்படி என்று கேட்பதை நான் விடுவதில்லை.

இங்கேதான் மருத்துவம் ஓபராவிடம் கடன்பட்ட இடம் வருகிறது. மானுவேல் கார்சியா என்பவரின் அப்பா, ரோசினியின் ‘செவில் நகரத்து நாவிதர்’ 1816ல் அரங்கேறியபோது முக்கிய வேடத்தில் பாடியவர். மகனும் மேடையேறினார், இளம் வயதிலேயே குரல் தளர்ந்ததால் ஆசிரியராகிவிட்டார். உள்ளே என்னதான் நடக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய தீராத ஆசை. 1854ல் பாரிஸில் ஒரு பல் மருத்துவக் கண்ணாடியை வாங்கினார். நீண்ட காம்பில் சின்ன வட்டக் கண்ணாடி. மூச்சுப் பட்டுப் பனி படியாமல் இருக்க அதைச் சூடாக்கி, தன் உள்நாக்கின் மேல் பதித்தார். இன்னொரு கையிலிருந்த கண்ணாடியால் வெயிலை உள்ளே திருப்பினார். உயிரோடு இருக்கும் மனிதனின் குரல்வளை, பாடும்போது திறந்து மூடுவது, அவருக்குத் தெரிந்தது. அடுத்த ஆண்டே லண்டனில் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்துக்கு அறிக்கை போனது. வியன்னாவில் துர்க், பெஸ்டில் செர்மாக் என்ற இரு மருத்துவர்கள் அதை நோய் கண்டறியும் கருவியாக்கினார்கள். 101 வயது வாழ்ந்த கார்சியாவின் நூறாவது பிறந்தநாளை 1905ல் தொண்டை மருத்துவர்கள் திரண்டு கொண்டாடினார்கள்.

இன்று எங்களிடம் கேமரா இருக்கிறது, மின்னி மின்னி ஒளிரும் ஸ்ட்ரோபோஸ்கோப் இருக்கிறது. திரையில் குரல் நாண்கள் முத்துபோல் வெளுத்து, ஈரமாக, அலை புரள்வதுபோல் அசையும். கத்திக் கத்திப் பழகியவருக்கு, இரு நாண்களிலும் முன்பக்க மூன்றில் ஒரு பங்கு முடியும் இடத்தில், எதிரெதிரே சின்னக் காய்ப்பு தெரியும். இரண்டும் மோதுவதில் அதிக அடி வாங்கும் இடம் அதுதான். நடுவில் முழுதாக மூடாமல் காற்று கசியும், அதுதான் கரகரப்பு. இதைத் திரையில் காட்டியபின்தான் பலர் என் பேச்சை நம்புகிறார்கள்.

சரி, ஓபரா பாடகர் எப்படித் தப்பிக்கிறார்? 1970களில் ஸ்வீடனின் ஒலியியல் ஆய்வாளர் யோஹான் சுந்தபெரி இதை அளந்து விளக்கினார். பெரிய வாத்தியக் குழுவின் ஒலி நொடிக்கு 500 அதிர்வுகள் பக்கம் உச்சத்தில் இருக்கும். அதற்கு மேல் போகப் போக இறங்கும். பயிற்சி பெற்ற பாடகர் குரல்வளையைத் தாழ்த்தி, அதன் வாயைக் குறுக்கி, மேலே தொண்டையை அகலமாக்குகிறார். அப்போது 3000 அதிர்வுகளைச் சுற்றி ஒலி குவிகிறது. வாத்தியங்கள் அங்கே பலவீனம். மனிதக் காது அங்கே மிகக் கூர்மை. அந்த இடைவெளி வழியாகக் குரல் வெளியே வருகிறது. ஆண் குரல்களில் இது தெளிவாகத் தெரியும். உச்சஸ்தாயிப் பெண் குரல்கள் வாயின் திறப்பை மாற்றி வேறு வழியில் இதைச் சாதிக்கின்றன. ஆக, தேவையான சத்தத்தில் பெரும்பங்கு மூச்சின் கட்டுப்பாட்டிலும் தொண்டையின் வடிவத்திலும் இருக்கிறது. நாண்களை மோதவிடுவதில் இல்லை. இதற்குப் பல வருடப் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சி இல்லாத நமக்கு வகுப்பறையில் ஒரு சின்ன மைக் செட் போதும்; அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பயிற்சி இருந்தாலும் பிரச்சினை வராது என்றில்லை. புகழ்பெற்ற இத்தாலிய டெனர் கரூசோவுக்கே 1909ல் குரல் நாணில் அறுவை சிகிச்சை நடந்தது. ஸ்வீடன் பாடகி யென்னி லிண்ட் 1841ல் களைத்துப்போன குரலோடு கார்சியாவிடம் வந்தபோது, அவர் முதலில் பாட்டு சொல்லித்தரவில்லை. பல வாரம் குரலுக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார். அப்புறம் மூச்சு எடுப்பதிலிருந்து எல்லாவற்றையும் புதிதாகக் கற்றுக்கொடுத்தார். நான் செய்யச் சொல்வதும் கிட்டத்தட்ட அதே வரிசைதான். இன்று நீண்ட மௌனத்துக்குப் பதிலாகச் சில நாள் ஓய்வு, பிறகு குரல் பயிற்சி. ஓய்வு என்று சொன்னால் பலர் குசுகுசுவென்று பேசத் தொடங்குகிறார்கள். அழுத்திக் குசுகுசுப்பதும் குரல்வளையை முறுக்கும், வேண்டாம். அடிக்கடி காறிக் கனைப்பதற்குப் பதில் ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். இரவில் லேட்டாகச் சாப்பிட்டு உடனே படுத்தால் அமிலம் மேலேறித் தொண்டையை எரிக்கும். குரல் கட்டியிருக்கும்போது மாத்திரை போட்டுக்கொண்டு மேடையேறாதீர்கள்.

சளி பிடித்தால் குரல் கட்டும், ஒன்றிரண்டு வாரத்தில் சரியாகும். மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு போகவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்க் குரல்வளையைப் பார்க்கச் சொல்லுங்கள். சில நிமிடத்தில் முடிந்துவிடும். புகை, புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள், கழுத்தில் கட்டி தெரிகிறவர்கள், சளியில் ரத்தம் பார்த்தவர்கள், விழுங்கச் சிரமப்படுகிறவர்கள் அந்த மூன்று வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.