பூவிலேயே விலைபேசும் தோப்பு

மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த கதைதான். மரம் பூத்து நிற்கும்போதே வியாபாரி வந்துவிடுவார். தோப்பை ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு தொகையைச் சொல்வார். சம்மதித்தால் காசு அன்றைக்கே கைக்கு வரும். பிஞ்சு உதிர்ந்தால் நட்டம் அவருக்கு. காய்த்துக் குலுங்கினால் லாபமும் அவருக்கே. மெல்போர்னில் ஓர் ஆஸ்திரேலிய ஃபுட்டி கிளப்பின் வீரர் தேர்வுக் குழுவுக்குப் புள்ளிவிவரம் போட்டுக்கொடுக்கும் வேலையில் சேர்ந்த புதிதில், 'அடுத்த ஆண்டின் முதல் சுற்றுப் பிக்' என்றால் என்னவென்று எனக்கு விளங்கவைத்தது இந்தக் குத்தகைதான். ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே சொந்தக்காரர் தோப்பை எவ்வளவு மோசமாகப் பராமரிக்கிறாரோ, அவ்வளவு அதிகமாக வியாபாரிக்குக் காய்க்கும்.

ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஏஎஃப்எல் என்ற ஆஸ்திரேலிய ஃபுட்டி லீக்கின் வீரர் சந்தை முதலில் பிடிபடாது. பணத்தோடு வந்து கை தூக்குவோர் இங்கே இல்லை. 18 கிளப்களுக்கும் சம்பள உச்சவரம்பு உண்டு. நவம்பர் மாத டிராஃப்ட்டில், பள்ளிப் படிப்பை முடிக்கும் வயதுப் பையன்களைக் கிளப்கள் முறைவைத்து அழைக்கும். புள்ளிப்பட்டியலில் கடைசியாக வந்த அணிக்கு முதல் அழைப்பு. கோப்பை வென்ற அணிக்குப் பதினெட்டாவது; அத்தோடு ஒரு சுற்று முடியும். அந்த முறை எண்ணுக்குத்தான் பிக் என்று பெயர். தேசிய டிராஃப்ட் தொடங்கிய 1986 முதல் அடிப்படை இதுதான். அதற்கு முந்தைய மாதம், அக்டோபரில், டிரேட் காலம். வீரரைக் கொடுத்துப் பிக் வாங்கலாம், பிக்கைக் கொடுத்து வீரரை வாங்கலாம், பிக்குக்குப் பிக்கும் மாற்றலாம். 2015-ல் அடுத்த ஆண்டுப் பிக்கையும் மேசையில் வைக்க அனுமதி வந்தது. 2025-ல் இரண்டு ஆண்டு தள்ளியிருக்கும் பிக்கும் அதில் சேர்ந்துகொண்டது.

அக்டோபர் வந்தால் நண்பர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: "இந்த டிரேடில் யாருக்கு லாபம்?" அதற்கு அப்போதே பதில் சொல்பவர்களை நம்பவேண்டாம் என்பதே என் அனுபவம். நானும் ஒருகாலத்தில் பதில் சொன்னவன்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் அக்டோபரில், கிளப் முதல் எட்டுக்குள் முடித்த மகிழ்ச்சியில் இருந்தது. நடுக்களத்துக்கு ஒருவர் வேண்டும். விலை, எங்கள் அடுத்த ஆண்டின் முதல் பிக். அது எத்தனையாவது பிக்காக மாறும் என்று என்னைக் கேட்டார்கள். அடுத்த பருவத்தைக் கணினியில் ஆயிரக்கணக்கான முறை ஓட்டிப் பார்த்து, சராசரி 11 என்று எழுதிக்கொடுத்தேன். பதினோராவது பிக்குக்கு அந்த வீரர் தாராளமாகத் தகும். கை குலுக்கினார்கள். ஜூன் மாதத்துக்குள் மூன்று பேருக்குத் தோள்பட்டையும் முழங்காலும் போயிற்று. கடைசி நான்கு இடங்களில் ஒன்றில் முடித்தோம். எங்கள் பிக்கை வைத்திருந்த கிளப்பில் அன்று கேக் வெட்டியிருப்பார்கள்.

காயம் துரதிர்ஷ்டம். ஆனால் சராசரியை விலையாக எழுதிக்கொடுத்தது என் பிழை. எப்படியென்றால், பிக் ஒவ்வொன்றுக்கும் ஏஎஃப்எல்லே ஒரு மதிப்பெண் வைத்திருக்கிறது. 2015-ல் வந்த பட்டியலின்படி முதல் பிக்குக்கு 3000 புள்ளிகள், இரண்டாவதற்கு 2517, நான்காவதற்கு 2034, பதினொன்றாவதற்கு 1329, பதினெட்டாவதற்கு 985. (2025 முதல் இது திருத்தப்பட்டிருக்கிறது; வளைவின் குணம் மாறவில்லை.) மேலே செங்குத்தாக இறங்கி, கீழே சமவெளியாகப் போகும் மலைச்சரிவு போன்றது இது. ஒரு கிளப் அடுத்த ஆண்டு கோப்பையை வெல்லவும் பாதி வாய்ப்பு, சரிந்து நான்காவது பிக் பெறவும் பாதி வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். சராசரி பிக் 11, மதிப்பு 1329. ஆனால் இரண்டு முடிவுகளின் மதிப்பையும் தனித்தனியே எடுத்துச் சராசரி பார்த்தால் ஏறக்குறைய 1510 வரும். நிச்சயமின்மைக்கே ஒரு விலை இருக்கிறது. அந்த விலையை நான் எங்கள் கிளப்பின் சார்பில் இலவசமாகக் கொடுத்துவிட்டேன்.

இதற்கு மேல் இன்னொரு கோளாறு உண்டு. அது கணினியில் இல்லை, அறைக்குள் உட்கார்ந்திருப்பவர்களிடம் இருக்கிறது. அடுத்த ஆண்டுப் பிக்கை விற்கும் கிளப் எப்போதும் நம்பிக்கையின் உச்சத்தில்தான் விற்கிறது. சரியப்போகிறோம் என்று நினைப்பவர் யார் விற்பார்? ஆகவே விற்பவர் தன்னைப் பற்றி வைத்திருக்கும் நல்ல எண்ணம் முழுவதும் விலையில் தள்ளுபடியாகப் போய்விடுகிறது.

ஹாதார்ன் கிளப்பைப் பாருங்கள். 2013, 2014, 2015 என்று தொடர்ந்து மூன்று கோப்பைகள். 2016 அக்டோபரில் ஜேகர் ஓ'மேராவை கோல்ட் கோஸ்ட்டிலிருந்து கொண்டுவர ஒரு பத்தாவது பிக் தேவைப்பட்டது. அதை செயின்ட் கில்டாவிடமிருந்து பெறக் கொடுத்தவற்றில் 2017-ன் முதல் சுற்றுப் பிக்கும் ஒன்று. முழங்கால் காயத்தால் இரண்டு ஆண்டுகள் களம் காணாத வீரர் ஓ'மேரா. அதே மாதத்தில் கிளப்பின் மூத்த வீரர்களான சாம் மிட்செலும் ஜோர்டன் லூயிஸும் வேறு கிளப்களுக்குப் போய்விட்டார்கள். 2017-ல் ஹாதார்ன் முடித்தது பன்னிரண்டாம் இடம். செயின்ட் கில்டா அந்தப் பிக்கையும் தன்னுடையதையும் அடுத்தடுத்து வைத்து, ஏழிலும் எட்டிலும் ஹண்டர் கிளார்க்கையும் நிக் காஃபீல்டையும் அழைத்தது. வெற்றிப் பழக்கம் உள்ள வீட்டில் பன்னிரண்டாம் இடம் என்ற எண்ணை யாரும் வாய்விட்டுச் சொல்லியிருக்கமாட்டார்கள் என்பது என் ஊகம்.

காலிங்வுட் விஷயம் சற்றே சிக்கலானது, அதனால் எனக்குப் பிடித்தது. 2020-ல் சம்பள நெருக்கடியில் ஆடம் டிரெலோர் உட்படச் சிலரை அனுப்பிவிட்டு, டிராஃப்ட் நடந்துகொண்டிருக்கும்போதே தன் 2021 முதல் பிக்கை ஜயன்ட்ஸுக்குக் கொடுத்து இரண்டு பின்வரிசைப் பிக்குகளை வாங்கியது. கணக்கு முட்டாள்தனமானது இல்லை. முன்னாள் வீரரின் மகனை அதே கிளப் முன்னுரிமையோடு எடுக்கலாம் என்ற தந்தை–மகன் விதிப்படி, அடுத்த ஆண்டு நிக் டெய்கோஸ் வரவிருந்தார். அப்படிப்பட்டவரை இன்னொரு கிளப் முந்திக்கொண்டு கேட்டால், சொந்தக் கிளப் தன் பிக்குகளின் புள்ளிகளைக் கொட்டி ஈடுகட்ட வேண்டும். நல்ல பிக் ஒன்று கையில் இருந்தால் அது அதிலேயே கரைந்துபோகும்; கரைவதற்குள் விற்பது மேல். ஆனால் 2021-ல் காலிங்வுட் பதினேழாம் இடத்துக்குச் சரிந்தது. விற்ற பிக் இரண்டாவது பிக் ஆயிற்று. ஜயன்ட்ஸ் அதை வைத்து முதலில் சாம் டார்சியைக் கேட்டது. தந்தை–மகன் உரிமையுள்ள புல்டாக்ஸ் ஈடுகட்டி எடுத்துக்கொள்ள, அடுத்து ஃபின் கேலகனை அழைத்துக்கொண்டது. காலிங்வுட் நான்காவதாக டெய்கோஸைப் பெற்றது. 2023-ல் கோப்பையும் வென்றது. அப்படியானால் விற்றது தவறா? விற்காமல் இருந்திருந்தால் கேலகன், டெய்கோஸ் இருவருமே கிடைத்திருக்க வாய்ப்புண்டு என்று என் மேசையில் இருக்கும் தாள் சொல்கிறது. கோப்பை அலமாரி வேறொன்றைச் சொல்கிறது. நான் தாளின் பக்கம். ஆனால் உரக்கச் சொல்வதில்லை.

வாங்கியவரும் சிரிக்காத கதைகள் உண்டு. 2018-ல் டிராஃப்ட் இரவிலேயே பிக் மாற்றலாம் என்று முதன்முதலாக அனுமதித்தபோது, கார்ல்டன் பத்தொன்பதாவது பிக்கில் லியாம் ஸ்டாக்கரை எடுப்பதற்காக அடிலெய்டுடன் 2019-ன் முதல் பிக்குகளை மாற்றிக்கொண்டது. கார்ல்டன் பதினாறாம் இடத்தில் முடிக்க, அடிலெய்டுக்கு நான்காவது பிக் விழுந்தது. அடிலெய்டு அதையும் மாற்றி ஆறாவதில் ஃபிஷர் மெக்கேசியை எடுத்தது. அவர் பத்து ஆட்டங்களோடு விளையாட்டையே விட்டுவிட்டார். ஸ்டாக்கரை 2022 முடிவில் கார்ல்டன் விடுவித்தது. இரண்டு தோப்பிலும் காய்ப்பில்லை.

பழைய கிளப் ஆட்கள் ஒரு கதையை இன்னும் ஒருவித ருசியோடு சொல்வார்கள். 2001-ல் கடைசியாக வந்த ஃப்ரீமான்டில், தன் முதல் பிக்கோடு 20, 36-ஐயும் ஹாதார்னுக்குக் கொடுத்து டிரென்ட் குரோடையும் லூக் மெக்ஃபார்லினையும் வாங்கியது. முதல் பிக்கில் ஹாதார்ன் எடுத்தது லூக் ஹாட்ஜ்; முப்பத்தாறாவதில் சாம் மிட்செல். குரோட் இரண்டே ஆண்டுகளில் ஹாதார்னுக்கே திரும்பினார். 2008-ல் மிட்செல் தலைமையில் ஹாதார்ன் கோப்பையை வென்ற இறுதி ஆட்டத்தில் ஹாட்ஜ் சிறந்த வீரர். குரோடும் அதே அணியில். கதை சொல்பவர்கள் மெக்ஃபார்லினை மட்டும் மறந்துவிடுவார்கள். அவர் ஃப்ரீமான்டிலுக்கு இருநூறுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடிய தூண்.

பதினாறு ஆண்டு கழித்து அதே ஃப்ரீமான்டில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தது. தன் ஊரில் வளர்ந்து ஃப்ரீமான்டிலுக்கு ஆடிக்கொண்டிருந்த லாக்கி வெல்லர் கட்டாயம் வேண்டும் என்று கோல்ட் கோஸ்ட் நின்றதால், 2017-ன் இரண்டாவது பிக்கையே விலையாகப் பெற்றது. அதில் வந்தவர் ஆண்ட்ரூ பிரேஷா. தேவை முகத்தில் தெரிந்துவிட்டால் சந்தையில் நடப்பது இதுதான். மீன் வாங்கப் போனவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

இதையெல்லாம் சொல்வதால் பிக்கை விற்கவே கூடாது என்று நான் வாதிடவில்லை. 2020-ல் ஜீலாங் மூன்று முதல் சுற்றுப் பிக்குகளை ஜயன்ட்ஸுக்குக் கொடுத்து ஜெரமி கேமரனை வாங்கியது. மூன்று என்றதும் பலருக்கு மூச்சு நின்றது. ஆனால் அவை 13, 15, 20; அந்த ஆண்டின் பிக்குகள், எண் தெரிந்தவை. காயை எண்ணிப் பார்த்து விற்றார்கள். 2022-ல் கோப்பை வந்தது. அதே அணியின் தடுப்பில் நின்ற டாம் ஸ்டூவர்ட் நாற்பதாவது பிக்கில் வந்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். முன்வரிசைப் பிக்கைத் துணிந்து விற்க, பின்வரிசையில் ஆள் கண்டுபிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த வேலைக்கு வர ஆசைப்பட்டு என்னிடம் பேசும் மாணவர்கள் பிக் மதிப்புக் கணக்கோடுதான் வருகிறார்கள். நான் முதலில் காட்டுவது காந்தப் பலகையை. ஒவ்வொரு வீரரின் பெயரும் ஒரு காந்தத் துண்டு. குறுக்கே வயது, நெடுக்கே ஆடும் இடம், ஒப்பந்தம் முடியும் ஆண்டுக்கு ஒரு நிறம். ஐந்து நிமிடம் பேசாமல் பார்த்தால் போதும். இருபத்துமூன்றுக்கும் இருபத்தாறுக்கும் நடுவில் ஒரு வெற்றிடம் தெரியும். ஒரே நிறம் ஒரே இடத்தில் குவிந்திருக்கும். அந்த ஆண்டு நான்கு பேர் ஒன்றாகச் சம்பள உயர்வு கேட்பார்கள். உயரமான முன்கள ஆட்டக்காரர் முதிர்வதற்கு நான்கைந்து ஆண்டு பிடிக்கும் என்பதால், இன்றைய வெற்றிடத்துக்கு நான்கு ஆண்டுக்கு முன்பே ஆள் எடுத்திருக்க வேண்டும். பிக் கணக்கு அதற்குப் பிறகுதான்.

காந்தத் துண்டுக்கு வாயில்லை; அதன் பெயர்க்காரருக்கு உண்டு. ஒப்பந்தத்தில் இருக்கும் வீரரை அவர் சம்மதமின்றி டிரேட் செய்ய முடியாது. பதினெட்டு வயதில் வேறு மாநிலத்துக்குக் கூட்டிவரும் பையனுக்கு வீட்டு ஞாபகம் வரும். 2021-ன் முதல் பிக் ஜேசன் ஹார்ன்-ஃபிரான்சிஸ் தெற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து நார்த் மெல்போர்னுக்கு வந்து, ஒரே பருவத்தில் போர்ட் அடிலெய்டுக்குத் திரும்பிவிட்டார். 3000 புள்ளி மதிப்பில் இதற்கெல்லாம் கழிவு போட்டிருக்கவில்லை. எட்டு ஆண்டு ஆடியபின், ஒப்பந்தம் முடிந்த வீரர் டிரேட் இல்லாமலேயே வேறு கிளப்புக்குப் போகவும் வழியுண்டு. அப்போது இழந்த கிளப்புக்கு ஈடாக ஒரு பிக் கிடைக்கலாம். அதிலும் விசித்திரங்கள் உண்டு. 2013-ல் லான்ஸ் ஃபிராங்க்ளின் ஒன்பது ஆண்டு, ஒரு கோடி டாலர் ஒப்பந்தத்தில் சிட்னிக்குப் போனபோது ஹாதார்னுக்குக் கிடைத்தது பத்தொன்பதாவது பிக். மறுவருடம் ஜேம்ஸ் ஃப்ராலி போனதற்கு மெல்போர்னுக்குக் கிடைத்தது மூன்றாவது பிக். ஈட்டின் இடம், இழந்த அணி பட்டியலில் எங்கே நின்றது என்பதைப் பொறுத்தது.

இனி வரும் ஆண்டுகளில் பூவிலேயே விலைபேசுவது இன்னும் கடினமாகும். 2028-ல் டாஸ்மேனியா டெவில்ஸ் பத்தொன்பதாவது அணியாக இறங்கத் திட்டமிட்டிருக்கிறது. புதிய அணிக்குச் சலுகைப் பிக்குகள் தருவது வழக்கம்; ஜயன்ட்ஸ் நுழைவதற்கு முந்தைய 2011 டிராஃப்ட்டில் முதல் ஐந்து பிக்குகளும் அவர்களுக்கே போயின. இரண்டு ஆண்டு தள்ளிய பிக்கை விற்கலாம் என்ற அனுமதி, வரிசையே கலையப்போகும் நேரத்தில் வந்திருக்கிறது.

அந்தப் பழைய பிழைக்குப் பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. அடுத்த ஆண்டுப் பிக் பேச்சுக்கு வரும்போதெல்லாம், சராசரி எழுதிய தாளைக் கொடுப்பதில்லை. பதினெட்டு வரிகள் கொண்ட ஒரு தாள். ஒவ்வொரு இடத்திலும் நாம் முடித்தால் எதை இழந்திருப்போம் என்று வரிக்கு ஒரு விலை. கடைசி வரியை மட்டும் சிவப்பு மையில் அடிப்பேன். சென்ற முறை பயிற்சியாளர் தாளை வாங்கி நேராக அந்த வரிக்குப் போனார்.

"நாம் கடைசியாக வருவோம் என்கிறீர்களா?"

"ஒரு வரியில் மட்டும்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எதிர்முனைக்குத் தொலைபேசியில் கேட்டார்: "அதற்குப் பதில் இந்த ஆண்டுப் பிக்கை எடுத்துக்கொள்கிறீர்களா?"