கம்ப்யூட்டரில் நல்லாத்தான் இருந்தது

போன மாதம் ஒரு தம்பி, பாளையங்கோட்டையில் இருக்கும் என் ஸ்டுடியோவுக்கு ஒரு கட்டு நீலப் படங்களோடு வந்தான். எல்லாம் சயனோடைப், அதாவது மருந்து பூசிய காகிதத்தில் வெயில் காட்டி நீலமாக அச்செடுக்கும் பழைய புகைப்பட முறை. சுலோசன முதலியார் பாலத்தைக் காலை வெயிலில் எடுத்திருக்கிறான். வளைவுகளுக்கு அடியில் நிழலெல்லாம் ஒரே நீலக் கட்டி, வானம் வெறும் காகிதம். "கம்ப்யூட்டர்ல நல்லாத்தான் இருந்துச்சு, அண்ணாச்சி" என்றான்.

ஜான் ஹெர்ஷல் இந்த முறையைக் கண்டுபிடித்தது 1842இல். அடுத்த வருஷம் அந்தப் பாலத்தைத் திறந்தார்கள். அதனால் பையனின் ஆசையில் தப்பில்லை, நெகட்டிவில்தான் தப்பு. இதில் படத்தைப் பெரிதாக்கிப் பாய்ச்ச வழியில்லை. எந்த அளவில் படம் வேண்டுமோ அந்த அளவில் நெகட்டிவ் செய்து, மருந்து பூசிய காகிதத்தின் மேல் அழுத்தி வைக்க வேண்டும். மருந்து பார்ப்பதோ பெரும்பாலும் புற ஊதாக் கதிரை. நம் கண்ணுக்குக் கன்னங்கரேல் என்று தெரியும் மை, அந்தக் கதிரைத் தாராளமாக உள்ளே விடக்கூடும்.

அவன் நெகட்டிவை ஜெராக்ஸ் கடையில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஷீட்டில் லேசர் பிரிண்ட் போட்டிருந்தான். விளக்குக்கு நேரே பிடித்தால் கறுப்பில் ஊசிக்கண் ஊசிக்கண்ணாக வெளிச்சம். இங்க்ஜெட்டுக்கென்றே பூச்சுள்ள ஷீட்தான் வேண்டும். ஈர விரலால் ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள், பிசுபிசுவென்று ஒட்டுவது பூச்சுப் பக்கம். படத்தை இடவலம் மாற்றி அந்தப் பக்கத்தில் அச்சிட்டு, மை காகிதத்தைத் தொடும்படி வையுங்கள். இல்லாவிட்டால் விளிம்புகள் மங்கிப்போகும்.

பலரும் இதற்கப்புறம் நேரே படத்துக்குத் தாவிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், ஒரு பாக்கெட் ஷீட் வீண். முதலில் எதுவும் அச்சிடாத ஷீட்டை மருந்துக் காகிதத்தின் மேல் வைத்து, அதை ஒரு அட்டையால் மூடி, நிமிஷத்துக்கு ஒரு விரற்கடை அட்டையை நகர்த்தி ஒளி காட்டுங்கள். கழுவிக் காயவிட்டு மறுநாள் பாருங்கள். நீலம் முழுசாக ஏற ஒரு நாள் பிடிக்கும், அவசரத் தீர்ப்பு கூடாது. எந்தப் பட்டைக்குப் பிறகு நீலம் கூடவில்லையோ, அதுதான் உங்கள் நேரம். அதை மாற்றவே மாற்றாதீர்கள்.

சரி, நேரம் கிடைத்தது. வெள்ளையிலிருந்து கறுப்பு வரை 21 கட்டங்களை நெகட்டிவாக அச்சிட்டு, அதே நேரம் ஒளி காட்டுங்கள். தம்பியின் தாளில் அடர்த்தியான ஆறு கட்டங்கள் ஒரே நீலம், வெளிறிய நான்கு காணவே இல்லை. வளைவுக்கு அடியில் கல் தெரியாத காரணம் அங்கேயே இருந்தது. ஸ்கேன் செய்து, எந்தக் கட்டம் எங்கே போய் விழுந்தது என்று பார்த்து, அதை நேராக்கும் கர்வ் ஒன்றை, அதாவது கம்ப்யூட்டரில் ஒவ்வொரு சாயலையும் கூட்டிக் குறைக்கும் திருத்தக் கோட்டை, நெகட்டிவுக்குப் போட வேண்டும். இணையத்தில் கிடைக்கும் இன்னொருவர் கர்வ் உங்கள் மைக்கும் காகிதத்துக்கும் பொருந்தாது.

வெயிலை நம்பினால் சித்திரையில் பிடித்த நேரம் ஐப்பசியில் செல்லாது. புற ஊதா விளக்குப் பெட்டி நல்லது, ஆனால் எரியும்போது உள்ளே எட்டிப் பார்க்காதீர்கள். சாரல் மாதங்களில் மை காய நாளாகும், ஈரத்தோடு வைத்தால் நெகட்டிவ் காகிதத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

தண்ணீர் இன்னொரு விஷயம். போர்த் தண்ணீரில் காரம் இருந்தால் நீலம் வெளுக்கும். முதல் அலசலில் ஒரு சிட்டிகை எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) போதும். பையனோ குளியலறையில் கழுவுகிறானாம், அவன் அம்மா அங்கே ஆசிட் ஊற்றித் தேய்ப்பாராம். கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மருந்தில் இருப்பது பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு. தனியே அது பெரிய ஆபத்தில்லை, கடும் அமிலத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பும். மீந்த மருந்தைச் சாக்கடையில் கொட்டாமல் பழைய காகிதத்தில் பூசி வெயிலில் காயவிடச் சொன்னேன். கழுவுவதற்கு மாடியில் ஒரு தொட்டி வைத்திருக்கிறான் இப்போது. வீட்டுக்குப் போன உடனே அம்மாவிடம் சொல்லிவிட்டானாம்.