யாழ்ப்பாணத்துக்கு வீடு மாறுகிறவர்கள் லொறி பேசுவதற்கு முன்

"வெள்ளவத்தையில் ஏற்றி யாழ்ப்பாணத்தில் இறக்க எவ்வளவு எடுப்பீர்கள்?" தொலைபேசியில் எனக்கு வருகிற முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். "யாழ்ப்பாணத்தில் எந்த ஒழுங்கை?" என்று நான் திருப்பிக் கேட்பேன். சிலருக்கு எரிச்சல் வரும். மற்றவர் ஒரே நிமிடத்தில் விலை சொல்லிவிட்டாரே, இவர் எதற்கு ஒழுங்கையை விசாரிக்கிறார் என்று நினைப்பார்கள். வீடு மாற்றிக் கொடுப்பதே என் தொழில். ஒழுங்கையைக் கேட்காமல் ஒருவர் சொல்லும் விலை உங்கள் படலையடியில் நிச்சயம் ஏறும்.

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். அந்தத் தூரம் இன்று ஒரு பொருட்டே அல்ல. 2006 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 வீதி போரால் மூடப்பட்ட பிறகு ஒரு மேசையைக்கூடத் தரைவழியே கொண்டுவர முடியாமல் கப்பலை நம்பியிருந்தோம். இப்போது மாலையில் ஏற்றினால் வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி, ஆனையிறவு எல்லாம் தாண்டி விடியற்காலையில் லொறி நாவற்குழிக்கு வந்து நிற்கும். 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்ததிலிருந்து பூநகரிப் பக்கமாகவும் வரலாம். வில்லங்கம் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டிய பிறகுதான் தொடங்குகிறது.

வண்ணார்பண்ணை, நல்லூர், சுண்டிக்குளி, கொக்குவில் பக்கத்து உள் ஒழுங்கைகள் மாட்டுவண்டில் போய்வர விட்டவை. கிடுகு வேலி இருந்த காலத்தில் வண்டிலின் அச்சு உரசினாலும் வேலி சற்று வளைந்து கொடுத்தது. இப்போது இரு பக்கமும் மதில், அது வளையாது. ஒழுங்கை நேராகப் போகும் வரை 14.5 அடி நீள லொறி எப்படியோ நுழைந்துவிடும். முடக்கு, அதாவது வளைவு, வந்ததும் நின்றுவிடும். மேலே பார்த்தால் தொலைபேசிக் கம்பி, கேபிள் தொலைக்காட்சிக் கம்பி, யாரோ ஒருவருடைய மாமரக் கிளை. கூண்டு லொறியின் உயரத்தை நினைத்து அந்தக் கம்பிகளை யாரும் கட்டவில்லை. அறுந்தால் அயலவருடன் முதல் நாளே மனஸ்தாபம்.

வாசலுக்கு வந்தாலும் வேலை முடியாது. பழைய நாற்சார் வீடு ஒன்றை வாங்கியோ திருத்தியோ குடிவருகிறவர்கள் இப்போது அதிகம். கூரை போட்ட வாசலான சங்கடப் படலை பார்க்க அழகுதான். ஆனால் அதன் கூரைக்குக் கீழே மூன்று கதவு அலுமாரியை நிமிர்த்திக்கொண்டு போக முடியாது. உள்ளே கதவு நிலைகள் அகலம் குறைந்தவை. விறாந்தையிலிருந்து அறைக்குள் திரும்ப இடம் போதாது. அடுக்குமாடி வீட்டுக்கென்று கடையில் வாங்கிய பலகை அலுமாரிகளைக் கழற்றிப் பூட்டலாம் என்றாலும் இரண்டாவது தடவை ஆணி பிடிப்பது குறைவு. முதிரை அலுமாரி என்றால் கழற்றவும் முடியாது, நான்கு பேர் இல்லாமல் அசைக்கவும் முடியாது. ஆகவே லொறி பேசுவதற்கு முன் யாழ்ப்பாணத்தில் இருக்கும் உறவினர் ஒருவரை ஓர் அளவு நாடாவோடு அனுப்புங்கள். ஒழுங்கையின் மிக ஒடுங்கிய இடம், முடக்கு, படலையின் அகலமும் உயரமும், உள் நிலைகள் எல்லாவற்றையும் அளந்து, சந்தியிலிருந்து வாசல் வரை நடந்துகொண்டே ஒரு வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். அதை வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு விலை கேளுங்கள். வீடியோவைப் பார்த்த பிறகும் கேள்வி எதுவும் கேட்காமல் பழைய விலையையே சொல்கிறவர் அதைப் பார்க்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், கொழும்பில் இருந்து கொக்குவிலுக்கு வந்தவர், இரவு ஒன்பது மணிக்கு என்னை அழைத்து ஒரு பட்டா, அதாவது சின்ன லொறி, அனுப்ப முடியுமா என்று கேட்டார். நானும் கூடப் போனேன். சந்தியில் இருந்த வைரவர் கோயில் மதிலோடு அவருடைய வீடு முழுவதும் தெருவில் கிடந்தது. கட்டில் சட்டங்கள் ஒரு பக்கம். பிரிட்ஜ் மல்லாந்து கிடந்தது. 'சோற்றுச் சட்டி' என்று எழுதிய பெட்டியிலிருந்து சுவாமிப் படம் ஒன்றின் மூலை எட்டிப் பார்த்தது. சாரதியும் உதவியாளரும் லொறியின் பின்கதவைச் சாத்திவிட்டு நின்றார்கள். "ரீச்சர், யாழ்ப்பாணம் வரைக்கும்தான் பேச்சு. வீட்டுக்குள் வைப்பது பேச்சில் இல்லை" என்றார் சாரதி. அவர் சொன்னது பொய் அல்ல. பேச்சில் என்ன இருந்தது என்பதற்கு எங்கும் ஓர் எழுத்துக்கூட இருக்கவில்லை. பணம் வாங்கியவர் கொழும்பில் இருக்கும் ஒரு தரகர். சாரதிக்கு அவர் கொடுத்தது எண்ணெய்க் காசும் நாட்கூலியும். கொழும்பில் மாடியிலிருந்து இறக்கி ஏற்றிய நாட்டாமைமார், அதாவது சுமை தூக்குகிறவர்கள், அங்கேயே நின்றுவிட்டார்கள். இங்கே தூக்க ஆள் யார் என்று ஏற்றும்போது ஒருவரும் கேட்கவில்லை. பட்டாவுக்கும் ஆட்களுக்கும் அந்த இரவில் ரீச்சர் கொடுத்த காசு, முதலில் மிச்சம் பிடித்ததாக நினைத்த காசை விட அதிகம்.

இந்தத் தொழிலில் லொறி சொந்தமாக வைத்திருப்பவர்களும் உண்டு, ஒரு முகநூல் பக்கத்தை மட்டும் வைத்திருப்பவர்களும் உண்டு. இரண்டாவது வகையினர் எல்லோரும் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சாமான் உடைந்தால் யாரிடம் போவது என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இருக்காது. வாகனத்தின் இலக்கம், சாரதியின் பெயர், வாகனம் யாருடையது என்பவற்றை முற்பணம் கொடுப்பதற்கு முன் கேளுங்கள். வியாபாரப் பதிவு இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். தனிநபர் வியாபாரமாக இருந்தால் பதிவுச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும்; கம்பனி என்று சொன்னால் கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். கம்பனியின் பெயர் ஒன்று, பணம் போடச் சொல்லும் வங்கிக் கணக்கின் பெயர் இன்னொன்று என்றால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். முழுத் தொகையையும் ஏற்றும்போதே கேட்கிறவருக்கு இறக்கும்போது அவசரம் இருக்காது.

தனி லொறியா, கலந்த லொறியா என்பதையும் கேட்க வேண்டும். கொழும்பிலிருந்து வடக்கே வருகிற லொறிகள் கடைச் சாமானோடு வருகின்றன. உங்கள் கட்டிலுக்கு மேல் பிஸ்கட் பெட்டியும், கீழே தண்ணீர்க் குழாயும் இருக்கலாம். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் கடைக்குக் கடை நின்று இறக்கும்போது உங்கள் பெட்டிகளும் கீழே இறங்கி ஏறும். எண்ணிக்கை பிசகுவது அங்கேதான். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போகிறவர்களுக்கு வெங்காயம், வாழைக்குலை, மீன் ஏற்றுகிற லொறிகள் மலிவாகக் கிடைக்கும். மீன் ஏற்றிய லொறியில் மெத்தையைப் போட்டவர்கள் அந்த மலிவைப் பல மாதம் முகர்ந்துகொண்டிருப்பார்கள். பணம் குறைவு என்றால் கலந்த லொறியில் போடுவதில் தவறில்லை. ஆனால் தெரிந்துகொண்டு போட வேண்டும். பெட்டிகளுக்கு இலக்கம் எழுதி, இரண்டு பட்டியல் செய்து, ஒன்றில் சாரதியின் கையெழுத்தை வாங்கி நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

காப்புறுதி பற்றி ஆட்கள் மிகவும் ஏமாந்துபோகிறார்கள். "எங்களிடம் முழுக் காப்புறுதி இருக்கிறது, பயப்படாதீர்கள்" என்பார்கள். இருக்கும், பத்திரத்தையும் காட்டுவார்கள். அது லொறிக்கான காப்புறுதி. லொறி தடம்புரண்டால் லொறியைத் திருத்தக் காசு வரும். உள்ளே இருந்த உங்கள் தொலைக்காட்சிக்கு அதில் ஒரு சதமும் வராது. ஏற்றிச் செல்லும் பொருளுக்கான காப்புறுதி தனியானது. அது இருக்கிறதா, எந்தத் தொகை வரை, ஏற்றி இறக்கும்போது உடைந்தாலும் செல்லுமா என்று கேட்டு, பத்திரத்தின் பிரதியை வாங்கிப் பாருங்கள். அப்படி ஒன்று இருந்தாலும் நீங்களே கட்டி ஒட்டிய பெட்டியின் உள்ளே உடைந்த பீங்கானுக்குப் பொதுவாகக் காசு கொடுக்க மாட்டார்கள், பெட்டி வெளியே நசுங்காமல் இருந்தால் சொல்லவே வேண்டாம். விலை கூடிய பீங்கானையும் கண்ணாடியையும் அவர்களுடைய ஆட்களே கட்டட்டும்.

காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், நகை, பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறுகள் எந்த லொறியிலும் ஏறக்கூடாது. எங்கள் ஊர் மூத்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. 1995 ஒக்டோபர் இறுதியில் போரால் இடம்பெயர்ந்து வலிகாமத்தை விட்டு நடந்தவர்கள் உறுதிப் பையை மட்டும் கையை விட்டு இறக்கவில்லை. அவர்களுடைய பிள்ளைகள்தான் இன்று அலுமாரி லாச்சியைப் பூட்டி, அப்படியே ஏற்றுங்கள் என்கிறார்கள். லாச்சியைக் காலி செய்யாமல் எங்கள் ஆட்கள் அலுமாரியைத் தொட மாட்டார்கள். சமையல் வாயுச் சிலிண்டரையும், தாங்கியில் பெற்றோல் உள்ள மோட்டார் சைக்கிளையும் ஏற்றச் சொல்லி மன்றாடுவதும் வேண்டாம். பழைய வீட்டைப் பிரித்து எடுத்த அறுத்த மரம், வளை, பலகை ஏற்றுவதானால் வனத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அது இல்லாமல் பிடிபட்டால் மரத்தோடு சேர்ந்து மற்றச் சாமானும் வீதியில் காத்திருக்கும்.

நாள் பார்ப்பதைப் பற்றி எழுதினால் சிலருக்குப் பிடிக்காது, ஆனாலும் எழுதுகிறேன். நல்ல நாளில் விடியற்காலை ஐந்து மணிக்குப் பால் காய்ச்ச வேண்டும், அதற்குள் சாமான் வீட்டில் இருக்க வேண்டும் என்று நேரம் குறித்துத் தருவார்கள். சாரதி இரவு முழுவதும் ஓட்டுவார். மாங்குளத்துக்கும் பரந்தனுக்கும் இடையில் கட்டாக்காலி மாடுகள் இருட்டில் நடுவீதியில் படுத்திருக்கும். முகூர்த்தத்துக்காக விரைவுபடுத்தச் சொல்லி அரை மணிக்கொரு முறை அழைப்பது உங்கள் சாமானுக்கும் நல்லதல்ல, அந்த மனிதனின் உயிருக்கும் நல்லதல்ல. பால் காய்ச்சுவதற்குச் சட்டி, அடுப்பு, விளக்கு, சுவாமிப் படம் போதும். அவற்றை உங்களோடு வாகனத்தில் கொண்டு வாருங்கள். லொறி பகலில் ஆறுதலாக வரட்டும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகள் மூடியிருக்கும். அந்தப் பக்கம் வீடு என்றால் நாளை மாற்றுவதே வழி. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒழுங்கை குளமாகும், திறந்த லொறியின் படங்கு எவ்வளவு கட்டினாலும் ஓரத்தால் ஒழுகும். கூண்டு லொறிக்குக் கூடுதல் காசு கொடுப்பதானால் அந்த மாதங்களில் கொடுங்கள்.

எழுத்தில் வாங்க வேண்டியது பெரிய ஒப்பந்தம் அல்ல, ஒரு பக்கத் தாள். எங்கிருந்து எங்கே என்பதில் ஊர்ப் பெயரோடு நிறுத்தாமல் 'வீட்டின் அறைக்குள் வைப்பது வரை' என்று எழுதச் சொல்லுங்கள். லொறி ஒழுங்கைக்குள் போகாவிட்டால் பட்டாவுக்குக் காசு யார் கொடுப்பது, இறக்க எத்தனை பேர் வருவார்கள், உடைந்தால் என்ன செய்வது, மீதித் தொகை எப்போது என்பவையும் அதில் வர வேண்டும். கொழும்பு அடுக்குமாடிகளில் மின்தூக்கியைப் பாவிக்க நிர்வாகத்தின் அனுமதியும் நேரமும் எடுக்க வேண்டியிருக்கும். அது உங்கள் பொறுப்பு, லொறிக்காரரின் பொறுப்பு அல்ல. தாளில் எழுத மாட்டேன், வாய்ச்சொல் போதும் என்பவரிடம் நான் என் தாயாரின் தையல் இயந்திரத்தைக்கூடக் கொடுக்க மாட்டேன்.

சாமான் இறங்கியதும் களைப்பில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். பட்டியலை வைத்து எண்ணுங்கள், பெரிய தளபாடங்களை நான்கு பக்கமும் பாருங்கள். உடைவு இருந்தால் சாரதி நிற்கும்போதே படம் எடுத்து, கையெழுத்துக்கு மேலே என்ன உடைந்தது என்று எழுதுங்கள். மீதிப் பணத்துக்கு மேலாகக் கேட்டு, கொடுக்காவிட்டால் சாமானை இறக்க மாட்டோம் என்று மிரட்டினால், அங்கேயே பொலிஸ் நிலையத்துக்குச் சொல்லுங்கள். பெரும்பாலும் தொலைபேசியைக் கையில் எடுத்ததுமே பின்கதவு திறந்துவிடும். பின்னர் இழப்பீடு கேட்பதானால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம். சேவை நடந்து மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் உள்ளது. உறவினர்கள் ஆறுதல் சொல்லியே இந்த மூன்று மாதத்தைக் கடத்திவிடுவார்கள். சிறிய தொகை என்றால் உங்கள் பகுதி மத்தியஸ்த சபைக்கும் போகலாம். அங்கே சட்டத்தரணி வந்து உங்களுக்காகப் பேச முடியாது, நீங்களேதான் பேச வேண்டும். அந்த ஒரு பக்கத் தாளையும், சாரதி கையெழுத்திட்ட பட்டியலையும், படங்களையும் கொண்டு போங்கள்.