கூட்டை உடைத்தது கீரியா, நாயா?

உரச் சாக்கைத் தரையில் கவிழ்த்ததும் ஏழு கோழிகள் விழுந்தன. காலை ஏழரை மணி இருக்கும். கால்நடை மருந்தகத்தின் கதவைக்கூட நான் முழுதாகத் திறக்கவில்லை. ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளிக்குக் கிழக்கே ஒரு கடற்கரைக் கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார் அந்த அப்பத்தா. "கீரி தம்பி. எல்லாத்தையும் முடிச்சுருச்சு. அதுக்கு வைக்கிற மாதிரி மருந்து ஏதாச்சும் இருந்தா குடு" என்றார். அவர் கேட்டது விஷம்.

ஒரு கோழியை எடுத்து முதுகிலும் கழுத்திலும் இறகைப் பறித்து, தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். இறகோடு பார்த்தால் ஒன்றும் தெரியாது. தோல் வெளியே வந்தால்தான் பல் குறி கண்ணில் படும். முதுகின் குறுக்கே இரண்டு ஓட்டைகள். நடுவே என் மூன்று விரல்களைச் சேர்த்து வைத்தேன், சரியாக அடங்கியது. கீரியின் கோரைப் பற்களுக்கு இடையில் ஒரு விரல் வைக்கவே இடம் இருக்காது. இறகெல்லாம் எச்சிலில் நனைந்து சடை பிடித்திருந்தது. ஏழில் ஒன்றைக்கூட வந்த பிராணி தின்னவில்லை. "இது நாய் அப்பத்தா. ரெண்டு மூணு சேர்ந்து வந்திருக்கு" என்றேன். "நாய் வந்தா எனக்குச் சத்தம் கேக்காதா?" என்றார். அது கச்சான் காற்று வீசும் மாதம். ஓலைக் கூரை ராத்திரி முழுக்கப் படபடக்கும். அதற்கு நடுவே ஏழு கோழி கத்தினாலும் காதில் விழாது.

தொண்டிக்கும் சாயல்குடிக்கும் இடையில் 16 வருடமாகக் கால்நடை மருத்துவம் பார்க்கிறேன். கோழியைப் பறிகொடுத்துவிட்டு வருகிறவர்களில் பெரும்பாலானோர், கொன்றது எது என்று முடிவு செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். அந்த முடிவு பல தடவை தவறாக இருக்கிறது. நாய் உடைத்த கூட்டுக்குக் கீரிப் பொறி வைத்தால், அடுத்த வாரமும் நாய் வரும். அதனால் செத்த கோழியைத் தூக்கி எறியும் முன்பு பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

கீரி பகலில் வரும் பிராணி. காலையிலும் சாயங்காலமும் கோழி மேயும் நேரத்தில்தான் அதன் வேலை. தலையிலோ கழுத்திலோ கடிக்கும். அடைபட்ட கூட்டுக்குள் புகுந்தால் ஒன்றோடு நிறுத்தாமல் அடுத்தடுத்துக் கொன்று போடவும் செய்யும். மரநாய் ராத்திரிக்காரன். பனையிலிருந்தோ வேம்பிலிருந்தோ கூரைக்கு இறங்கி, ஓலையைப் பிரித்துக்கொண்டு மேலிருந்து வரும். கூரையில் ஓட்டை, கீழே வேலி பத்திரம் என்றால் முதலில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். கருவேலங்காட்டை ஒட்டிய வீடுகளில் வெருகு என்கிற காட்டுப்பூனையும் நரியும் உண்டு. இவை கோழியைத் தூக்கிக்கொண்டே போய்விடும். நாலு இறகுதான் மிச்சம். பாம்பு வந்தால் முட்டை ஓடுகூட இல்லாமல் காணாமல் போகும். சில நேரம் குஞ்சு செத்துக் கிடக்கும், தலையும் கழுத்தும் மட்டும் எச்சில் பட்டு ஒட்டிப்போய் இருக்கும். விழுங்கப் பார்த்து முடியாமல் துப்பிவிட்டுப் போயிருக்கிறது என்று அர்த்தம். கால் விரல் கடிபட்ட குஞ்சு, பக்கத்தில் புதிதாகத் தோண்டிய மண் என்றால் பெருச்சாளி.

நம் ஊரில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. மணல். களிமண் ஊரில் தடம் தேடி அலைய வேண்டும், இங்கே அது தானாகவே பதிந்து கிடக்கிறது. பொழுது சாயும்போது கூட்டைச் சுற்றி இரண்டு அடி அகலத்துக்கு மணலை விளக்குமாற்றால் சமன் செய்துவிடுங்கள். காலையில் யாரும் நடக்கும் முன்பு போய்ப் பாருங்கள். நான்கு விரலும் நகக் குறியும் இருந்தால் நாய் அல்லது நரி. உருண்டையான தடம், நகமே பதியவில்லை என்றால் பூனை இனம். சின்னத் தடம், ஐந்து விரல், நீள நகம் என்றால் கீரி. இரண்டு பக்கமும் கால் பதிந்து நடுவில் வால் இழுத்த கோடு இருந்தால் உடும்பு, அது முட்டைக்கு வந்திருக்கிறது. இதை மூன்று நாள் செய்தாலே எது வருகிறது, எந்தப் பக்கமாக வருகிறது என்பது தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சில கோழிகளை எந்தப் பிராணியுமே கொல்லவில்லை. ஒருவர் மூன்று கோழியைக் கொண்டுவந்து, பக்கத்து வீட்டு நாய்தான் கடித்துக் கொன்றது, எழுதிக் கொடுங்கள், பஞ்சாயத்தில் வைக்க வேண்டும் என்றார். கடித்த இடத்தில் தோலைக் கீறிப் பார்த்தேன். தோலுக்கு அடியில் ரத்தக் கட்டே இல்லை, சதை வெளிறிக் கிடந்தது. உயிரோடு இருக்கும்போது கடித்திருந்தால் அந்த இடம் கருஞ்சிவப்பாகக் கன்றியிருக்கும். வயிற்றைத் திறந்தால் வெள்ளைக்கழிச்சல் என்ற கோழி நோயின் புண்கள். விசாரித்தபோது, முந்தின வாரமே இரண்டு கோழி அந்த நோயில் கழுத்து தானாகத் திருகிக்கொண்டு செத்ததும், அவற்றை வீட்டுக்குப் பின்னால் கருவேலம் புதரில் வீசியதும் தெரிந்தது. அந்த நாற்றத்துக்குத்தான் நாய் வந்திருக்கிறது. அந்த நாயை அவர்கள் அடித்துக் கொன்றிருந்தாலும் கோழிகள் தொடர்ந்து செத்துக்கொண்டேதான் இருந்திருக்கும்.

செத்த கோழியை மூன்று அடி ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். மீன் செதில், குடல், கோழிக் கழிவு எதையும் வேலிக்கு வெளியே கொட்டாதீர்கள். வெள்ளைக்கழிச்சலுக்கு, குஞ்சு பொரித்து ஏழாம் நாள் சொட்டு மருந்தும் எட்டாம் வாரம் ஊசியும் போட வேண்டும். வருடா வருடம் பிப்ரவரியில் கால்நடைத் துறை இலவச முகாம் நடத்துகிறது, தவறவிடாதீர்கள். ஒரே நாளில் கூட்டம் கூட்டமாகச் செத்தால் எதையும் தொடாமல் மருந்தகத்துக்குச் சொல்லி அனுப்புங்கள்.

சரி, விஷத்துக்கு வருவோம். பயிருக்கு அடிக்கும் மருந்தைச் செத்த கோழியில் தடவி வைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதை யார் தின்பார்கள் என்று வைப்பவருக்குத் தெரியாது. காக்கை தின்னும், மயில் கொத்தும், பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டி நக்கும். தடவிய முட்டையை ஒரு குழந்தை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று நினைக்கவே எனக்குக் கை நடுங்குகிறது. கூட்டைச் சுற்றி மின்கம்பி இழுத்துவிடுவதும் அப்படித்தான், ராத்திரி ஒதுங்கப் போகும் ஆள்தான் அதில் மாட்டுவார். கீரி, மரநாய், உடும்பு, பாம்பு எல்லாமே 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. கொல்வதும் பிடித்து வைப்பதும் குற்றம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தக் கீரிதான் உங்கள் வீட்டுப் பின்புறத்தில் எலியையும் நல்லபாம்பையும் குறைத்துக்கொண்டிருக்கிறது. அது உள்ளே வரும் வழியை அடைத்தால் போதும்.

அந்த வழியை எப்படி அடைப்பது? கடையில் விற்கும் மெல்லிய இரும்புக் கோழி வலையை நம்பாதீர்கள். உப்புக் காற்றில் இரண்டு மழைக்காலம் தாங்காது. அதுவும் மண்ணைத் தொடும் அடிப்பகுதிதான் முதலில் இற்றுப்போகும், கண்ணுக்கும் தெரியாது. காலால் லேசாக உதைத்துப் பாருங்கள், பொடிப்பொடியாக உதிர்ந்தால் கீரிக்குக் கதவு திறந்து வைத்திருக்கிறீர்கள். அரை அங்குலக் கண்ணுள்ள, பற்றவைத்த கனமான கம்பி வலை செலவுதான், ஆனால் அடியில் இரண்டு அடிக்கு மட்டுமாவது அதைப் போடுங்கள். மேலே பனை மட்டையோ பழைய வலையோ போதும்.

மணல் நமக்குத் தடம் காட்டுகிறது, அதே மணலை நாயும் நரியும் ஐந்து நிமிடத்தில் தோண்டிவிடும். ஆகவே கம்பி வலையை ஒரு அடி ஆழம் இறக்கி, அடி நுனியை 'ட' எழுத்துப் போல வெளிப்பக்கமாக மடக்கிப் புதையுங்கள். வேலிக்கு அருகில் தோண்டத் தொடங்கும் பிராணியின் நகம் வலையில் இடிக்கும், இரண்டடி தள்ளிப் போய்த் தோண்ட அதற்குத் தோன்றாது. கூட்டைக் கால் வைத்து மூன்றடி உயர்த்தி, கால்களில் வழுவழுப்பான தகரத்தைச் சுற்றிவிட்டால் இன்னும் நல்லது. இடுக்குகளை விரலால் அளந்து பாருங்கள். மூன்று விரல் சேர்ந்து நுழைந்தால் கீரி நுழையும், ஒரு விரல் நுழைந்தால் பாம்பு நுழையும்.

மீன்பிடி வலையைப் பற்றி ஒரு வார்த்தை. தேவிபட்டினத்திலிருந்து வாலிநோக்கம் வரை வலை இல்லாத வீட்டு வேலி அபூர்வம். மேலே கட்டினால் அருமையான பொருள். கண் பெரிதான நண்டு வலையைத் தரையை ஒட்டிக் கட்டும்போதுதான் வம்பு. குஞ்சு தலையை விட்டு மாட்டிக்கொள்ளும், சாரைப்பாம்பு பாதி நுழைந்து சிக்கிச் சாகும். தரையோரம் வலைதான் போடுவேன் என்றால் கரைவலையில் மீன் சேரும் பை போன்ற மடிப் பகுதியைத் தேடி வாங்குங்கள். அதன் கண் பொடி, நூலும் கனம். சிக்கிய பாம்பை நீங்களே எடுக்க வேண்டாம், தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னால் வந்து எடுத்துப் போவார்கள்.

அடைக்கோழிக்கு அடியில் இருட்டில் கையை விடாதீர்கள். முட்டைக்கும் அங்கே சுற்றும் எலிக்கும் நல்லபாம்பு வரும். முதலில் டார்ச், அப்புறம் குச்சி, கடைசியில்தான் கை. சிந்திய குருணையைச் சாயங்காலமே கூட்டிவிட்டால் எலி குறையும், எலி குறைந்தால் பாம்பும் குறையும்.

மேலிருந்து வருவது வேறு கணக்கு. கள்ளப்பருந்து, வல்லூறு, காக்கை, கருடன் என்று நாம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் செம்பருந்து, எல்லாம் குஞ்சுக்கு இறங்கும். பொரித்த முதல் ஆறு வாரம்தான் ஆபத்து, குஞ்சு புறா அளவு வந்துவிட்டால் பெரும்பாலும் தப்பித்துவிடும். நம் பாட்டிமார் பஞ்சாரம் என்ற பெரிய கூடையால் கவிழ்த்து மூடி வைத்தார்களே, அதைவிடச் சிறந்த உபாயம் எதையும் நான் படித்ததில்லை. தாயும் குஞ்சுமாகப் பகலில் பஞ்சாரத்தடியில் வையுங்கள், தீனியும் தண்ணீரும் உள்ளேயே இருக்கட்டும். வெளியே விடும் இடத்துக்கு மேலே ஒரு ஆள் உயரத்தில் தங்கூசி என்கிற நைலான் தூண்டில் நூலை ஒரு அடி இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் இழுத்துக் கட்டி, இடையிடையே துணிக் கிழிசலைத் தொங்கவிட்டால் பருந்து பாயத் தயங்கும். ஓடி ஒளிய முருங்கையடியோ சாய்த்து வைத்த மட்டையோ இருக்க வேண்டும். சிறுவிடை என்ற நாட்டு ரகத் தாய்க்கோழி ஒரு குரல் கொடுத்தால் அத்தனை குஞ்சும் நொடியில் மறைந்துவிடும். இன்குபேட்டரில் பொரித்து வாங்கும் குஞ்சுக்குச் சொல்லிக்கொடுக்கத் தாய் இல்லை, அவற்றுக்குக் கூடுதல் காவல் தேவை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத நாட்களில் நாய்த் தொல்லை கூடுவதாக எனக்குப் படுகிறது. மீன் இறங்குதளத்தில் வயிறு வளர்த்த நாய்கள் இரை தேடி ஊருக்குள் வருகின்றன. அந்த 61 நாளும் கோழியை இருட்டும் முன்பே அடைத்துவிடுங்கள்.

கடிபட்ட கோழி உயிரோடு இருந்தால் உடனே மற்ற கோழிகளிடமிருந்து பிரியுங்கள். ரத்தம் பார்த்தால் அவையே கொத்திக் கொன்றுவிடும். ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் வைத்து இருட்டான, சத்தமில்லாத இடத்தில் அரை மணி நேரம் விடுங்கள். அதிர்ச்சியில்தான் பல கோழிகள் சாகின்றன. பிறகு, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஒன்றரை டீஸ்பூன் உப்புக் கரைத்துக் காயத்தைக் கழுவி, போவிடோன் அயோடினைத் தண்ணீர் கலந்து போடுங்கள். காயத்தைச் சுற்றி வேப்பெண்ணெய் தடவினால் ஈ உட்காராது, புழு வைக்காது. வெளியே சின்ன ஓட்டைதானே என்று விட்டுவிட வேண்டாம், பூனைப் பல்லும் நாய்ப் பல்லும் உள்ளே ஆழமாகக் கிருமியை விட்டுப் போகும். குடித்த தண்ணீர் கழுத்து வழியே கசிந்தால் தீனிப்பை கிழிந்திருக்கிறது. தோலைத் தொட்டால் காற்று அடைத்த பை போல இருந்தால் காற்றுப்பை ஓட்டை. இரண்டுக்கும் மருத்துவரிடம் வந்தாக வேண்டும். 1962-க்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் கிடைக்கும்.

கோழியைக் கவனிக்கும் அவசரத்தில் ஆளைக் கவனிக்க மறந்துவிடுகிறோம். திருப்பாலைக்குடி பக்கமிருந்து ஒரு அம்மா கோழியோடு வந்தார், கூடவே பத்து வயது மகன். கோழியின் கழுத்தில் தையல் போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் பையனின் ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்ததைப் பார்த்தேன். கீரியின் வாயிலிருந்து கோழியைப் பிடுங்கியிருக்கிறான், அது விரலைக் கவ்விவிட்டது. "கீரிதான சார், மஞ்சப் பத்துப் போட்டுட்டேன்" என்றார் அம்மா. ரேபிஸ் நாய்க்கு மட்டும் வரும் நோய் இல்லை; கீரி, நரி, பூனை எல்லாவற்றுக்கும் வரும். கோழிக்கு அந்தப் பயம் இல்லை, ஆனால் அதன் இறகில் ஒட்டியிருக்கும் எச்சில் உங்கள் கைக் காயத்தில் படக்கூடாது, அதனால் கையுறை போட்டுத் தொடுங்கள். நகம் கீறினாலும் சரி, பல் பட்டாலும் சரி, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக்கூடாது. அன்றைக்கே அரசு மருத்துவமனையில் ஊசி தொடங்க வேண்டும்.

தையலைப் பாதியில் நிறுத்திவிட்டு, பையனைக் குழாயடிக்கு அழைத்துப் போய்க் கடிகாரம் பார்த்துக் கழுவினேன். பல் பட்ட இடத்தில் ரத்தம் கசிந்திருந்ததால் ஊசியோடு, காயத்தில் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்தும் தேவைப்படும் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்பினேன். ஊசி தொடங்கும் நாள், அதிலிருந்து 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள். நான்கு தேதியையும் அவன் பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில் நானே குறித்துக் கொடுத்தேன். கோழியை அவர்கள் திரும்பி வரும்வரை என் மேசைக்கு அடியில் பெட்டியில் வைத்திருந்தேன்.