எண்டோபைட்: உள்வாழ் நுண்ணுயிரி

களர் நிலத்துக்கான உயிர் உரம் பற்றிப் பேசும்போது இரண்டு சொற்கள் தெளிய வேண்டும்: எண்டோபைட், களர். முதல் சொல்லான 'எண்டோபைட்', கிரேக்கச் சொற்களால் ஆனது. 'எண்டோன்' என்றால் உள்ளே, 'பைட்டோன்' என்றால் செடி. செடிக்குள் வாழும் பூஞ்சைகளைக் குறிக்க ஜெர்மானியத் தாவரவியலாளர் ஆன்டன் டி பாரி 1866-இல் இதைக் கையாண்டார். பாக்டீரியாவுக்கும் அப்புறம் பொருந்தியது. அப்படியே பெயர்த்தால் 'உட்செடி' ஆகிவிடும். உள்ளே இருப்பதோ செடியல்ல. 'உள்வாழ் நுண்ணுயிரி' என்பதே சரி. சிலர் 'ஒட்டுண்ணி' என்று எழுதிவிடுகிறார்கள். அது கூடவே கூடாது, இவை செடியைக் கெடுப்பதில்லை.

உள்ளேதான் வாழ்கிறது என்று எப்படி உறுதி செய்வது? வேரைக் கழுவி, ஆல்கஹாலிலும் சோடியம் ஹைப்போகுளோரைட்டிலும் முக்கி, மேற்பரப்பில் உள்ளதையெல்லாம் கொன்றுவிடுவார்கள். பிறகு நுண்ணுயிர் நீக்கிய நீரில் அலசுவார்கள். கடைசியாக அலசிய நீரில் எதுவும் வளரக் கூடாது. அரைத்த வேரிலிருந்து மட்டும் வளர வேண்டும். பவானிப் பாசனத்தில் நடும் கரும்புக்குள் வாழக்கூடிய குளுக்கோனஅசிட்டோபேக்டர் என்ற பாக்டீரியா இந்த வகைதான். காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை)க் கரும்புக்குள் இருந்தபடியே பிடித்துக் கொடுக்கும்.

அடுத்த சொல் 'களர்'. 'பயவாக் களர்' என்று குறளிலேயே (406) வருகிறது. களரையும் உவரையும் ஒன்றாக எழுதுவது பெரிய குழப்பம். உவரில் கரையும் உப்பு மிகுதி. நல்ல தண்ணீர் விட்டு வடித்தால் குறையும். களரில் சோடியம் களிமண்ணோடு ஒட்டியிருக்கும். கார அமில நிலை (pH) 8.5-க்கு மேல், மாற்றுச் சோடியம், அதாவது மண் பிடித்துவைத்திருக்கும் மாறக்கூடிய அயனிகளில் சோடியத்தின் பங்கு, 15 சதவீதத்துக்கு மேல். மழை பெய்தால் கலங்கிய தண்ணீர் இறங்காமல் நிற்கும், காய்ந்தால் மண்வெட்டி இறங்காது. சாயக்கழிவின் சோடிய உப்பை வாங்கிய நொய்யல் கரைத் தோட்டங்களுக்கு இந்த வேறுபாடு பிழைப்புச் சங்கதி. முதலில் மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் பரிசோதித்துவிட வேண்டும்.

களரில் வேர் திணறும்போது செடி எத்திலீன் என்ற ஹார்மோன் வாயுவைக் கூடுதலாகச் சுரக்கும், அதனால் வேர் குறுகும். உள்வாழ் பாக்டீரியாவில் சில, எத்திலீனுக்கு மூலப்பொருளான ஏசிசி-யைச் சிதைக்கும் நொதியைச் சுரக்கின்றன. அதனால் எத்திலீன் குறைந்து வேர் நீள்கிறது. வெளிமண்ணின் காரம் நேராகத் தாக்காத இடத்தில் இருப்பது, வேரைச் சுற்றியுள்ள மண்ணில் வாழும் வேர்சூழ் பாக்டீரியாவுக்கு இல்லாத வசதி.

ஆனால் இவை சோடியத்தை மண்ணிலிருந்து வெளியேற்றுவதில்லை. அதற்கு ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணீர் கட்டி வடித்து, தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரச் செடியை விதைத்து மடக்கி உழ வேண்டும். அப்புறம் விதையை அரிசிக் கஞ்சியோடு பாக்டீரியா கலந்து நேர்த்தி செய்து நிழலில் உலர்த்தலாம். பூஞ்சாணக்கொல்லியை மட்டும் அதோடு சேர்க்காதீர்கள்.